விதைத் தேயிலையின் வேற்றுமையை அளப்பது எப்படி? மரபணுக் குறிப்பான்களுக்கு ஓர் ஆரம்ப வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் பழைய தோட்டங்களில் (அங்கே ஒரு பயிர்ப்பிரிவை 'மலை' என்பார்கள்) விதையிலிருந்து வளர்ந்த விதைத் தேயிலை மலையையும் வெட்டுத்துண்டுகளிலிருந்து வளர்த்த வீ.பீ. மலையையும் அடுத்தடுத்துப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் கண்ணிலேயே தெரியும். வீ.பீ. மலையில் செடிகள் எல்லாம் ஒரே பச்சை, ஒரே இலையளவு. விதைத் தேயிலையில் ஒரு செடிக்குச் சிறிய, தடித்த, கரும்பச்சை இலை. பக்கத்துச் செடிக்கு அகன்று நீண்ட, வெளிர்பச்சை இலை. ஒன்று மழை விழுந்தவுடன் தளிர்க்கும், இன்னொன்று பிந்தும். இந்த வேற்றுமை எவ்வளவு, எங்கிருந்து வந்தது, இதில் எந்தச் செடிகளைக் கட்டாயம் காப்பாற்ற வேண்டும் என்ற கேள்விகளுக்குக் கண் மட்டும் போதாது. இலையின் வடிவம் மண்ணாலும் நிழலாலும் கிளைகளை வெட்டும் கவ்வாத்தாலும் மாறும். டி.என்.ஏ. அப்படி மாறாது.

உயர்தரத்தில் உயிரியல் படித்து, பல்கலைக்கழகத்தில் முதல் ஆய்வைத் தொடங்கப்போகும் மாணவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முறை தேயிலைக்கு மட்டும் உரியது அன்று. பிஸ்தா மர இனங்களுக்கிடையிலான உறவைத் தேடுபவர்களும் இதே படிகளில்தான் ஏறுகிறார்கள். ஆதலால் பிஸ்தா ஆய்வுகள் நமக்குக் கற்றுத்தரும் சில பாடங்களையும் இடையிடையே சேர்த்திருக்கிறேன்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. விதைத் தேயிலை பிடுங்கப்பட்டு அதன் இடத்தில் வீ.பீ. ரகங்கள் நடப்படுகின்றன. விளைச்சல் கூடுவதால் தோட்ட நிர்வாகங்கள் அப்படிச் செய்வது விளங்கிக்கொள்ளக்கூடியதே. ஆனால் போனது போனதுதான். 1839இல் அசாம் தேயிலை விதைகள் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1841இல் சீனத்துச் செடிகள் புசல்லாவைப் பக்கம் நடப்பட்டன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் வணிகப் பயிர்ச்செய்கையைத் தொடங்கினார். கோப்பியை இலைத்துரு நோய் அழித்தபின் தேயிலை மலையெங்கும் பரவியது. சீன வகையும் அசாம் வகையும் ஒன்றோடொன்று கலந்து பிறந்த பிள்ளைகள்தான் இந்த மலைகளில் நிற்கும் பழைய செடிகள். இன்னொரு பக்கம், தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட டி.ஆர்.ஐ. 2023, 2025, 2026 போன்ற புகழ்பெற்ற ரகங்கள் ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே தாய்ச்செடியின் வழிவந்தவை. பெயர் பலவாக இருந்தாலும் அடித்தளம் குறுகியது. புதிய நோய் ஒன்று வரும்போது தேவைப்படும் பண்பு விதைத் தேயிலைச் செடி ஒன்றிடம் இருக்கலாம்.

முதற்படி: கேள்வியைச் சுருக்குங்கள்

'தேயிலையின் மரபணு வேற்றுமையை ஆராய்தல்' என்பது கேள்வி அன்று, தலைப்பு. கேள்வி இப்படி இருக்க வேண்டும்: 'ஒரே தோட்டத்தின் மேல்மலையிலும் கீழ்மலையிலும் உள்ள விதைத் தேயிலை ஒரே விதைத் தொகுதியிலிருந்து வந்ததா?' அல்லது 'தவறணையில் (நாற்றுப்பண்ணையில்) இரண்டு பெயரில் நிற்கும் செடிகள் உண்மையில் ஒரே ரகமா?' அல்லது 'இந்த இனம் அந்த இனத்துக்கு எவ்வளவு நெருக்கம்?' மூன்றுக்கும் வெவ்வேறு மாதிரிகள் வேண்டும், வெவ்வேறு குறிப்பான்கள் வேண்டும். ஆய்வுகூடத்தில் எந்த இயந்திரம் இருக்கிறது என்று பார்த்துக் கேள்வியை அமைப்பவர்கள் நிறையப் பேர். அந்த வழியில் போனால் கடைசியில் அழகான படம் ஒன்று கிடைக்கும்; அது எதற்கு விடை என்று சொல்ல முடியாது.

இரண்டாம் படி: குறிப்பானைத் தேர்ந்தெடுங்கள்

மரபணுக் குறிப்பான் என்பது செடிக்குச் செடி வேறுபடும், நம்மால் திரும்பத் திரும்ப அளக்க முடிகிற ஒரு டி.என்.ஏ. இடம். அவ்வளவுதான். அது எந்தப் பண்பையும் தீர்மானிக்க வேண்டியதில்லை.

1990இல் வந்த ராப்ட் முறை மலிவானது. பத்து எழுத்துள்ள ஒரு சிறிய முன்தொடர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ. துண்டு) போதும், தாவரத்தைப் பற்றி முன்னறிவு தேவையில்லை. ஆனால் நாளுக்கு நாள், கூடத்துக்குக் கூடம் களியில் தெரியும் டி.என்.ஏ. பட்டைகள் மாறும். இன்று புதிதாகத் தொடங்குபவர் இதைத் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. குறுமீள்தொடர்களுக்கு இடைப்பட்ட பகுதிகளைப் படிக்கும் ஐ.எஸ்.எஸ்.ஆர். அதைவிட நம்பகமானது, பயிற்சிக்கு நல்லது. இவ்விரண்டுக்கும் பொதுவான குறை, ஒரு செடி இதரநுகமா (தாய்வழி, தந்தைவழிப் பிரதிகள் வேறுவேறா) ஓரினநுகமா (இரண்டும் ஒன்றா) என்று இவை காட்டமாட்டா. பட்டை இருக்கிறது, இல்லை என்பது மட்டுமே தெரியும்.

எஸ்.எஸ்.ஆர். எனப்படும் குறுமீள்தொடர்கள்தான் ஆரம்ப ஆய்வுக்கு நான் பரிந்துரைப்பவை. ஜிஏ ஜிஏ ஜிஏ என்று திரும்பத் திரும்ப வரும் இடங்கள் இவை. ஒரு செடியில் 12 தடவை, இன்னொன்றில் 17 தடவை என்று நீளம் மாறும். ஓர் இடத்தின் இத்தகைய வெவ்வேறு வடிவங்களே எதிருருக்கள். தாயிடமிருந்து வந்த எதிருருவும் தந்தையிடமிருந்து வந்த எதிருருவும் தனித்தனியாகத் தெரியும். தேயிலைக்கென உருவாக்கப்பட்ட முன்தொடர்கள் ஆய்விதழ்களில் ஏராளமாக வெளிவந்துள்ளன. புதிதாக உருவாக்க வேண்டிய தேவையில்லை. வெவ்வேறு நிறமூர்த்தங்களில் உள்ளவையாகப் பார்த்து எட்டு முதல் பன்னிரண்டு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். தேயிலைக்கு 30 நிறமூர்த்தங்கள், அதாவது 15 சோடிகள்.

தனி எழுத்து வேறுபாடுகளை ஆயிரக்கணக்கில் ஒரேயடியாகப் படிக்கும் எஸ்.என்.பி. முறைகள் இன்று முன்னணியில் இருக்கின்றன. தேயிலையின் மரபணுத்தொகுதி சுமார் 300 கோடி எழுத்துகள் நீளமானது. அந்தத் தரவைக் கையாளக் கணினித் திறனும் பணமும் வேண்டும். முதல் ஆய்வுக்கு அது அவசியமில்லை.

பச்சையவுருமணியின் (குளோரோபிளாஸ்டின்) டி.என்.ஏ.வைப் பற்றி இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். இனங்களுக்கிடையிலான உறவைத் தேடுபவர்கள் அதைப் பெரிதும் நம்புகிறார்கள். அது தேயிலையிலும் பிஸ்தாவிலும் தாய்வழியே மட்டும் கடத்தப்படுகிறது. இதனால் வரும் சிக்கலுக்கு பிஸ்தாவில் தெளிவான உதாரணம் இருக்கிறது. நாம் உண்ணும் பிஸ்தா, பிஸ்தாசியா வேரா என்ற ஒரே இனம். அதன் சாதியில் (பேரினத்தில்) 11 இனங்கள் இருப்பதாக 1952இல் சோஹரி என்ற தாவரவியலாளர் வகுத்தார். காட்டு இனங்கள் பல ஒட்டுக்கன்றுக்கு அடிமரமாகப் பயன்படுகின்றன. கலிபோர்னியாவில் பரவலாக உள்ள யூ.சி.பி.1 என்ற அடிமரம், பிஸ்தாசியா அட்லாண்டிகாவைத் தாயாகவும் பிஸ்தாசியா இன்டெகெரிமாவைத் தந்தையாகவும் கொண்ட கலப்பு. அதன் பச்சையவுருமணியை மட்டும் படித்தால் அது சுத்தமான அட்லாண்டிகா என்றே தோன்றும். தந்தையின் சுவடே தெரியாது. நமது விதைத் தேயிலையும் கலப்புப் பிள்ளைதான். ஆகவே பச்சையவுருமணிக் குறிப்பானைப் பயன்படுத்தினால் கலக்கருவிலுள்ள குறிப்பானையும் சேர்த்தே பயன்படுத்துங்கள். இரண்டும் முரண்படும் இடத்தில்தான் கலப்பின் வரலாறு இருக்கிறது.

மூன்றாம் படி: மலையில் மாதிரி எடுத்தல்

முழு ஆய்வின் தரமும் இந்தப் படியில் தீர்மானிக்கப்படுகிறது. பின்னால் எவ்வளவு நல்ல இயந்திரம் கிடைத்தாலும் இங்கே விட்ட பிழையைத் திருத்த முடியாது.

முதலில் அனுமதி. தோட்டத்தில் துரையிடம் (முகாமையாளரிடம்) எழுத்தில் கேளுங்கள்; என்ன எடுக்கிறீர்கள், எத்தனை இலை, முடிவை எப்போது தருவீர்கள் என்பதைக் கடிதத்தில் குறிப்பிடுங்கள். காட்டுத் தாவரங்களை எடுப்பதானால் இடத்தைப் பொறுத்து வனத் திணைக்களத்திடமோ வனசீவராசிகள் திணைக்களத்திடமோ அனுமதி பெற வேண்டும். ஹோட்டன் சமவெளி போன்ற தேசியப் பூங்காவில் அனுமதியின்றி ஓர் இலையையும் தொடக்கூடாது. மாதிரியை வெளிநாட்டுக் கூடத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் அதற்கான அனுமதிகளை ஆரம்பத்திலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு மலையிலிருந்தும் 20 முதல் 30 செடிகள் வேண்டும். அதற்குக் குறைந்தால் அரிதான எதிருருக்கள் தவறிப்போகும். பாதையோரச் செடிகளையே பறித்துக்கொண்டு திரும்பாதீர்கள். மலையின் குறுக்கே கோடு போட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் நின்று, அந்த இடத்தில் எந்தச் செடி இருக்கிறதோ அதை எடுங்கள். 'வித்தியாசமான செடிகளைத் தேடி எடுத்தேன்' என்று எழுதினால் வேற்றுமை கூடித்தான் தெரியும், அது அளவீடு ஆகாது. செத்துப்போன விதைச்செடிகளின் இடங்களில் வீ.பீ. கன்றுகளை நட்டு நிரப்புவது தோட்டங்களில் வழக்கம். அப்படி நிரப்பியவற்றைத் தனியே குறித்துவையுங்கள்.

எந்தச் செடி பழையது, எது பிறகு நட்டது, எது வரட்சியிலும் தளிர்க்கும், எது கொப்புள நோயில் கருகும் என்பதெல்லாம் அந்த மலையில் வருடக்கணக்காகக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குத் தெரியும். அவர்களிடம் கேளுங்கள். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் போய் நிற்காதீர்கள், அது அவர்களின் நாட்சம்பளத்தைத் தீர்மானிக்கும் நேரம். தேநீர் இடைவேளையில், 'பெரியம்மா, இந்த நிரையில் எந்தச் செடி முதலில் துளிர்க்கும்?' என்று கேட்டால் விரலை நீட்டிக் காட்டுவார்கள். அந்தத் தகவலுக்குக் குறிப்பேட்டில் ஒரு தனி நிரலை ஒதுக்குங்கள். டி.என்.ஏ. முடிவு வந்தபின் அதனுடன் ஒப்பிட இதைவிடப் பெறுமதியான தரவு வேறில்லை.

ஒவ்வொரு செடிக்கும் ஓர் இலக்கம், ஜி.பி.எஸ். அளவீடு, கடல் மட்டத்திலிருந்து உயரம், மலையின் இலக்கம், இலையுடன் சேர்ந்த புகைப்படம். உறையில் பென்சிலால் எழுதுங்கள். மையால் எழுதியது எதனோல் பட்டால் கரைந்துவிடும். ஒவ்வொரு மலைக்கும் ஒரு செடியின் கிளையையாவது அழுத்தி உலர்த்தி உலர்தாவர மாதிரியாகச் சேமியுங்கள். பேராதனையில் தேசிய உலர்தாவரகம் இருக்கிறது. இன அடையாளத்தில் ஐயம் வந்தால் அங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பறித்த இலையை உடனே சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். இலையின் எடையைப்போல் பத்து மடங்கு சிலிக்கா வேண்டும். நுவரெலியாவிலும் பொகவந்தலாவையிலும் காலை மூடுபனியில் இலை சொட்டச்சொட்ட நனைந்திருக்கும்; துணியால் ஒற்றியெடுத்து, சிறு துண்டுகளாகக் கிழித்துப் போட வேண்டும். ஒரு நாளுக்குள் இலை முறியும் அளவுக்கு உலர வேண்டும். மெல்ல உலர்ந்தால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். நிறங்காட்டும் சிலிக்கா நிறம் மாறியவுடன் புதியதை மாற்றுங்கள். பழையதைச் சூளையில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம்.

தோல் பற்றி ஓர் எச்சரிக்கை. மா, மரமுந்திரிகை, பிஸ்தா மூன்றும் ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்தின் காட்டு மரங்கள் சில இலங்கைக் காடுகளிலும் உண்டு. சேங்கொட்டை வகை மரங்களின் பால் பட்டால் தோல் புண்ணாகும். பிஸ்தாவின் உள்ளூர் உறவினர்களை ஆராய விரும்புபவர்கள் கையுறையின்றிப் பறிக்க வேண்டாம். பிஸ்தா மரம் நம் மலையில் வளராது. அதற்கு நூற்றுக்கணக்கான மணிநேரக் கடுங்குளிரும் அதன்பின் வறண்ட கோடையும் வேண்டும். கடையில் வாங்கிய பருப்பை வைத்துப் பயிற்சி செய்யலாமா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. வறுத்த பருப்பின் டி.என்.ஏ. உடைந்திருக்கும். வறுக்காத பருப்பாக இருந்தாலும் அது அடுத்த தலைமுறை: பாதி தாய்மரத்தினுடையது, பாதி காற்றில் வந்த மகரந்தத்தினுடையது. பிஸ்தாவில் ஆண் மரமும் பெண் மரமும் வேறுவேறு. எனவே பருப்பைப் படித்து மரத்தின் ரகத்தைச் சொல்லக்கூடாது. தேயிலை விதைக்கும் இதுவே பொருந்தும், இலையையே எடுங்கள்.

நான்காம் படி: டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தல்

தேயிலைக்குச் சுவையும் நிறமும் தருகிற பொலிபீனோல்கள்தான் இங்கே எதிரி. இலையை அரைத்தவுடன் அவை ஒட்சியேறி டி.என்.ஏ.யுடன் பிணைந்து பழுப்பாக்கும். பிறகு எந்த நொதியமும் வேலை செய்யாது. பிஸ்தா இலையிலும் பிசினும் பீனோலும் இதே தொல்லையைத் தருகின்றன.

சீடாப் என்ற சவர்க்கார வகைப் பொருளைக் கொண்டு கலங்களை உடைக்கும் முறையே இதற்குப் பொருத்தம். 2 சதவீத சீடாப் கரைசலில் 2 சதவீதம் பி.வி.பி. சேருங்கள்; அது பீனோலைப் பிடித்துக்கொள்ளும். பயன்படுத்துவதற்குச் சற்று முன்னர் பீட்டா மெர்காப்டோ எதனோல் சேர்த்தால் ஒட்சியேற்றம் தடுக்கப்படும். அது நச்சு, நாற்றமும் கடுமை. புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே திறக்க வேண்டும். உலர்ந்த இலை 20 மில்லிகிராம் அளவே போதும். அதிகம் போட்டால் அதிக டி.என்.ஏ. கிடைக்கும் என்று நினைப்பது தவறு, பீனோல்தான் கூடும். நன்றாக மாவாக அரைத்து, 65 பாகை செல்சியஸ் கரைசலை ஊற்றி, இடையிடையே மெல்லக் கவிழ்த்து ஒரு மணிநேரம் வையுங்கள். பிறகு குளோரோபோமும் ஐசோஅமைல் அற்ககோலும் 24க்கு 1 என்ற விகிதத்தில் சேர்த்து, மையநீக்கப் பொறியில் சுழற்றி, மேல்படையை மட்டும் எடுங்கள். இடைப்படையின் வெள்ளைத் திரையைத் தொடவேண்டாம். கொஞ்சம் மேல்படையை விட்டுவிடுவது மேல். தேயிலைக்கு இந்தக் கழுவலை இரண்டு தடவை செய்வது நல்லது. குளிர்ந்த ஐசோபுரோப்பனோல் ஊற்றி டி.என்.ஏ.வைத் திரளச்செய்து, 70 சதவீத எதனோலால் கழுவி, காற்றில் உலர்த்தி, டி.ஈ. என்ற தாங்கற் கரைசலில் கரையுங்கள். ஆர்.என்.ஏ.வை அழிக்கும் நொதியத்தையும் சேர்க்க மறக்கவேண்டாம்.

திரண்டது வெண்மையாகவோ நிறமின்றியோ இருந்தால் சரி. பழுப்பாக இருந்தால் அந்த மாதிரியை முன்னே கொண்டுபோகாமல் மீண்டும் செய்யுங்கள். ஒளியுறிஞ்சல் அளவில் 260/280 விகிதம் 1.8ஐ ஒட்டியும், 260/230 விகிதம் 2ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். இரண்டாவது விகிதம் தாழ்ந்திருந்தால் பீனோலோ சர்க்கரையோ மிச்சமிருக்கிறது. எண்கள் நன்றாக இருந்தாலும் அகரோஸ் களியில் ஓட்டிப் பாருங்கள்: மேலே ஒரு கெட்டியான பட்டை வேண்டும், கீழே வழிந்த புகை வேண்டாம்.

ஐந்தாம் படி: பி.சி.ஆர். மற்றும் பட்டைகள்

தேர்ந்தெடுத்த டி.என்.ஏ. இடத்தைப் பல மடங்காக நகலெடுக்கும் பி.சி.ஆர்., பொறியில் தானே ஓடும் வேலை. 94 பாகையில் இழைகள் பிரியும், 50 முதல் 60 பாகைக்குள் முன்தொடர் ஒட்டும், 72 பாகையில் நகல் நீளும். 30 முதல் 35 சுற்றுகள். ஒட்டும் வெப்பநிலையை ஒவ்வொரு முன்தொடருக்கும் தனித்தனியாகச் சோதித்து நிர்ணயித்துக்கொள்ளுங்கள். டி.என்.ஏ. இடாத வெற்றுக் குழாய் ஒன்று ஒவ்வொரு ஓட்டத்திலும் இருக்க வேண்டும். அதில் பட்டை தோன்றினால் அந்த ஓட்டம் முழுவதையும் தள்ளிவிடுங்கள்.

எஸ்.எஸ்.ஆர். எதிருருக்கள் இரண்டே எழுத்தால் வேறுபடலாம். சாதாரண அகரோஸ் களி அதைப் பிரித்துக் காட்டாது. இரண்டு எதிருருக்கள் ஒன்றாகத் தெரிந்து வேற்றுமை குறைந்துபோகும். பொலிஅக்ரிலமைட் களியில் வெள்ளிச் சாயம் இட்டுப் பார்ப்பது குறைந்த செலவில் செய்யக்கூடியது. வசதியிருந்தால் ஒளிரும் சாயமிட்ட முன்தொடர்களைக் கொண்டு நுண்குழாய்ப் பொறியில் அளப்பதே சிறந்தது. எதிடியம் புரோமைட்டை நீங்கள் பயன்படுத்தத்தான் வேண்டுமானால், அது மரபணு விகாரத்தை ஏற்படுத்தும் பொருள் என்பதை நினைவில் வைத்து, அதற்கென ஒதுக்கிய மேசையையும் கையுறையையும் விட்டு வெளியே கொண்டுபோகாதீர்கள்.

மாதிரிகளில் பத்தில் ஒன்றையாவது வேறு இலக்கமிட்டு மறுபடி ஓட்டுங்கள். அவற்றில் எத்தனை தடவை விடை மாறுகிறது என்பதே உங்கள் பிழைவீதம். அதை அறிக்கையில் வெளிப்படையாக எழுதுங்கள்.

ஆறாம் படி: எண்களை வாசித்தல்

ஓர் இடத்தில் மூன்று எதிருருக்கள் 0.5, 0.3, 0.2 என்ற அளவில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றையும் வர்க்கித்துக் கூட்டினால் 0.25, 0.09, 0.04 சேர்ந்து 0.38. ஒன்றிலிருந்து கழித்தால் 0.62. எதிர்பார்க்கும் இதரநுகம் இதுதான்: அந்த மலையிலிருந்து தற்செயலாக எடுக்கும் இரண்டு எதிருருக்கள் வேறுபட்டிருக்கும் வாய்ப்பு. இப்போது உண்மையில் எத்தனை செடிகள் இதரநுகம் என்று எண்ணுங்கள். 30இல் 12 என்றால் 0.40. ஏன் குறைந்தது?

பாடப்புத்தகம் உட்கலப்பு என்று சொல்லும். தேயிலையில் அது கடைசிச் சந்தேகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் தேயிலைப் பூ தன் சொந்த மகரந்தத்தைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. முதற்சந்தேகம், வெளித்தெரியாத எதிருரு: முன்தொடர் ஒட்டும் இடத்தில் எழுத்து மாறியிருந்தால் அந்த எதிருரு பெருகாது, இதரநுகச் செடி ஓரினநுகமாகத் தெரியும். பிஸ்தாசியா வேராவுக்கு உருவாக்கிய முன்தொடர்களைத் தூரத்து இனங்களில் பயன்படுத்தும்போது இது அடிக்கடி நேர்கிறது. அங்கே 'இந்த இனத்தில் வேற்றுமை குறைவு' என்று அவசரப்பட்டு எழுதினால், அது மரத்தின் குறை அன்று, முன்தொடரின் குறை. இரண்டாவது சந்தேகம், நீங்கள் ஒரே மலை என்று எண்ணியது உண்மையில் இரு வேறு விதைத் தொகுதிகளின் கலவையாக இருப்பது. ஒரு செடியில் மூன்று எதிருருக்கள் தெரிந்தால் பதற வேண்டாம். தேயிலையில் மூன்று தொகுதி நிறமூர்த்தங்கள் உள்ள மும்மடியச் செடிகளும் உண்டு. மாதிரி கலந்துபோகவில்லை என்று உறுதிசெய்தபின் அதைக் குறித்துவையுங்கள்.

இன்னொரு பொறி வீ.பீ. மலையில் காத்திருக்கிறது. அங்கே ஒவ்வோர் இடத்திலும் எல்லாச் செடியும் இதரநுகமாக இருக்கலாம், கணினி 1.0 என்ற உச்ச எண்ணைத் தரும். மலை முழுவதும் ஒரே செடியின் நகல்! செடிக்குள் இருக்கும் வேற்றுமை வேறு, மலைக்குள் இருக்கும் வேற்றுமை வேறு. ஆகவே எந்தக் கணக்கையும் போடுமுன் எத்தனை தனித்தனி மரபுருக்கள் (எல்லா இடங்களின் எதிருருக்களும் சேர்ந்த கோவைகள்) உள்ளன என்று எண்ணி, நகல்களை நீக்குங்கள். எட்டு, பத்து இடங்களிலும் முழுமையாக ஒத்துப்போகும் இரு விதைச்செடிகள் தற்செயலாக அமைவது மிக அரிது. அப்படி அமைந்தால் அவற்றில் ஒன்று பதியன் போட்ட கன்றாகவோ நிரப்பிய வீ.பீ. கன்றாகவோ இருக்கும்.

அதன்பின் ஜென்அலெக்ஸ் மென்பொருள் எக்ஸலுக்குள்ளேயே பெரும்பாலான கணக்குகளைச் செய்துதரும். மலைகளுக்கிடையே உள்ள வேறுபாட்டையும் மலைக்குள் உள்ள வேறுபாட்டையும் அமோவா என்ற கணக்குமுறை பிரித்துக்காட்டும். ஸ்ட்ரக்சர் மென்பொருள் ஒவ்வொரு செடியிலும் சீனப் பங்கு எவ்வளவு, அசாம் பங்கு எவ்வளவு என்று மதிப்பிட உதவும். ஆனால் ஒப்பீட்டுக்குத் தெளிந்த சீன, அசாம் செடிகள் சில உங்கள் தரவில் இருந்தால்தான் அது வரைந்துதரும் படத்தின் நிறங்களுக்குப் பெயரிட முடியும். மரவரைபடம் வரைந்தால் கிளைகளின் உறுதியைக் காட்டும் எண்களையும் போடுங்கள். அவை தாழ்ந்திருக்கும் கிளையைப் பற்றி எதுவும் சொல்லாமல் விடுவதே நேர்மை.

ஏழாம் படி: மலைக்குத் திருப்பிக் கொடுத்தல்

முடிவைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கத்தில் எழுதித் தோட்டத்துக்குக் கொடுங்கள். வேறெங்கும் கிடைக்காத எதிருருக்களைக் கொண்ட செடிகளின் இலக்கத்தையும் இருப்பிடத்தையும் ஒரு வரைபடத்தில் குறியுங்கள். அந்த மலை பிடுங்கப்படுவதற்கு முன் அச்செடிகளிலிருந்து இலையொன்றும் அதன் கக்கத்து மொட்டும் உள்ள வெட்டுத்துண்டுகளை எடுத்துத் தவறணையில் வளர்க்குமாறு கேளுங்கள். தேயிலை ஆராய்ச்சி நிலையத்துக்கும் அந்தப் பட்டியலை அனுப்புங்கள். செடியைக் காட்டித்தந்த பெண்களுக்கு அவர்கள் சொன்னது முடிவுடன் எங்கே ஒத்துப்போகிறது என்று நேரில் போய்ச் சொல்லுங்கள்.

ஆய்வைத் தொடங்கப் பணமோ கூடமோ இன்னும் கிடைக்காதவர்கள், பிடுங்கக் குறித்துவிட்ட மலை பக்கத்தில் இருந்தால், அனுமதி பெற்று மூன்றாம் படியை மட்டுமாவது செய்துவையுங்கள். நன்கு உலர்ந்த இலை, காற்றுப்புகாத பெட்டியில் புதிய சிலிக்காவுடன் இருட்டில் இருந்தால், பல வருடங்கள் கழித்தும் டி.என்.ஏ. தரும்.